கிழவி ழ, பள்ளி ள

எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் எனக்கென்று ஒரு மூலை உண்டு. மற்றதெல்லாம் எங்க வீட்டுக்காரருடையது. தலைப்புச் செய்தியில் தொடங்கி, வத்தல் விலை பார்த்து, கண்ணீர் அஞ்சலிப் படங்களில் தன்னைவிட வயது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று திருப்தியாக எண்ணி, நாடு கெட்டுப்போனதை உறுதி செய்துகொண்டபின் அதை மடித்து என் பக்கம் தள்ளுவார். நான் கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திருப்புவேன். குறுக்கெழுத்துப் போட்டி அங்கேதான் இருக்கும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து தெரியும், இலக்கணம் தெரியாது. கட்டம் போடுவதற்கு அது இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் வேறு மாதிரி வரும். ஒருநாள் ‘தந்தை’ என்று குறிப்பு கொடுத்து இரண்டே கட்டம் விட்டிருந்தார்கள். நான் எங்க அய்யாவை எழுதப் படித்த நாளில் இருந்து மூன்று எழுத்தாகத்தான் எழுதி வந்திருக்கிறேன். அ, ய், யா. பேப்பர்க்காரர் அவரை ‘ஐயா’ ஆக்கி இரண்டு கட்டத்துக்குள் அடைக்கச் சொல்கிறார். ஆறடி மனிதர். மனசில்லாமல்தான் அடைத்தேன்.

கூச்சம் எனக்குப் பிறவியில் வந்தது. வாசலில் ஆள் குரல் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். கட்டங்களோடு அந்தத் தொந்தரவு கிடையாது. கேள்வி கேட்கும், ஆனால் முகத்தைப் பார்க்காது. பதில் தெரியாவிட்டால் காத்திருக்கும். தப்பாகச் சொல்லிவிட்டால் ரப்பர் இருக்கிறது. மனுசர்களிடம் பேசும்போது இந்த மூன்றும் கிடையாது.

இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவள் மகள். காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் பென்சிலுமாக இரண்டு மூன்று கட்டத்தைப் போட்டுவிட்டு, “மிச்சத்த நீ போடும்மா” என்று ஓடுவாள். அந்த மிச்சத்தைப் போட்டுப் போட்டுத்தான் எனக்குக் கை வந்தது. பிறகு ஒருநாள் அவள் கல்யாணத்தையும் அதே மாதிரி பாதியை முடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் விட்டாள்.

பையன் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தோணியாரைக் கும்பிடுகிற, கடலுக்குப் போகிற குடும்பம். பையன் மட்டும் ராமநாதபுரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். இவள் கண்ணாடி மாற்றப் போயிருக்கிறாள். போனவளுக்குத் தூரத்துப் பார்வை தெளிவாகிவிட்டது போலிருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எங்க வீட்டுக்காரர் அன்று நடுவீட்டில் நின்று ஒரு சபதம் போட்டார். “அந்த வீட்டு வாசல என் காலு மிதிக்காது. அந்த வீட்டுக் கொரலு என் காதுல விழுகாது.” பாலத்துக்கு அங்கிட்டு மாப்பிள்ளையின் அப்பாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். ஜாதகம் பார்த்திருந்தால் இவர்கள் இருவருக்கும்தான் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வருசம் அப்படியே ஓடியது. அப்புறம் மகள் உண்டானாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எனக்கு அந்த ஒன்று போதும். அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறாள் என்பதெல்லாம் என் கவலை இல்லை. ஏழாம் மாசம் அவள் என் வீட்டுக்கு வர வேண்டும். நான் வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும். ஆனால் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டார் போய் அழைக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் சரியென்று அனுப்ப வேண்டும். “மொதல்ல அவுக வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அப்பறம் போறத யோசிப்பம்” என்றார் இவர். “மொதல்ல அவுக வாரேன்னு சொல்லட்டும்” என்றார் அவர். மேலிருந்து கீழும் நிரம்பவில்லை, இடமிருந்து வலமும் நிரம்பவில்லை.

இந்த நேரத்தில் மகளுக்கு மசக்கை. சோற்றைப் பார்த்தால் குமட்டல் வருவது எல்லாருக்கும் உள்ளது. இவளுக்கு எழுத்தைப் பார்த்தாலே குமட்டியது. அங்கே அவள் போட்டுக்கொண்டிருந்த குறுக்கெழுத்தை மாமியார் கையில் எடுத்துக்கொண்டார். அவரும் என்னைப் போலப் பாதிப் படிப்புதான். ஆனால் கூச்சத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடற்கரையில் காற்றோடு கத்திப் பேசிப் பழகிய தொண்டை.

ஒருநாள் காலையில் மகளின் நம்பரில் இருந்து போன் வந்தது. எடுத்தால் வேறு குரல். சௌக்கியமா, சாப்பிட்டீங்களா எதுவும் இல்லை.

“மதினி, ஏழு மேலருந்து கீழ என்ன போட்டீக?”

இரண்டு வருசமாக முகம் பார்க்காத சம்பந்தியம்மாவிடம் முதலில் என்ன பேசுவது, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை. “தோரணம்” என்றேன். “அடி ஆத்தி, அதான!” என்று வைத்துவிட்டார்.

மறுநாளில் இருந்து தினமும் பேசினோம். அவர் வாய்க்கு வாய் மதினி என்பார். நான் பதிலுக்கு எதுவும் கூப்பிட மாட்டேன். அந்த மதினி என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அவராகப் பேசட்டும் என்று காத்திருந்து பதில் மட்டும் சொல்வேன், பள்ளிக்கூடத்தில் செய்தது மாதிரி.

போனில் எழுத்துச் சொல்வது லேசான காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் ழ எழுத வரும், சொல்ல வராது. அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான். பழம் பளம்தான், மழை மளைதான். ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பல்லி ல, பள்ளி ள, கிழவி ழ. கிழவி என்பதையும் நாங்கள் கிளவி என்றுதான் சொல்வோம். ஆனாலும் எந்தக் கிழவி என்று இரண்டு கிழவிகளுக்கும் தெரியும்.

மகள் வாங்கிக் கொடுத்த டச் போன் அது. காதில் வைத்தால் கன்னம் பட்டு கட்டாகிவிடும். அதனால் ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்துத்தான் பேசுவேன். கூடத்தில் நாற்காலியில் இருக்கும் மனிதரின் காதில் அந்த வீட்டுக் குரல் விழக் கூடாது என்பது சபதம். அந்த வீட்டுக் குரலோ தெருமுனை வரைக்கும் விழுந்தது. அவர் எழுந்து வெளியே போகலாம். போகவில்லை. நாற்காலியைத்தான் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டார். வெயில் அடிக்கிறதாம்.

ஒருநாள் குறிப்பு: ‘பூட்டுக்கு உதவும், மணி பிடிக்காத நெல்’. இரண்டு எழுத்து. சம்பந்தியம்மா தடுமாறினார். “பூட்டுக்குச் சாவி சரி. நெல்லு என்னத்துக்கு மதினி இதுல வருது?” நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் இருந்து சத்தம் வந்தது.

“ஏன், நெல்லு சாவியாப் போனதில்லையா? பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்லாம எத்தன வருசம் சாவியாப் போயிருக்கு! மண்ணுல கால் வச்சவனுக்குத் தெரியும். சொல்லு.”

யாரிடம் சொல்லச் சொன்னார் என்பது தெளிவாக இருந்தது. சொன்னேன். சம்பந்தியம்மா அதை அங்கே திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், போனுக்குத் தூரத்தில் இருந்து. “நாங்க மண்ணுல கால் வைக்கிறதில்லன்னு சொல்லு. எங்களுக்கு அது தேவையுமில்ல.”

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சபதம் சபதம்தான். என்னிடமும் சம்பந்தியம்மாவிடமும் பேசினார்கள். அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

அடுத்த வாரத்தில் ‘கிழக்கே இருந்து வரும் காற்று’, நாலு எழுத்து. இவர் “வாடை” என்றார். இரண்டு எழுத்துதான் வருகிறது என்றேன். “வாடைக்காற்றுன்னு போடு.” அது இடம் கொள்ளாமல் பக்கத்து விளம்பரத்துக்குள் போனது. போனில் அந்தத் தூரத்துக் குரல் நிதானமாக வந்தது. “வாட வடக்கருந்து வரும். கெழக்கருந்து வாரது கொண்டல். காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு தெரியாம நாங்க கடலுக்குப் போனா, நீங்க எங்களத் தலைமன்னார்லதான் தேடணும். இதச் சொல்லு.” மறுநாள் பேப்பரில் கொண்டல் என்றே விடை வந்தது. எங்க வீட்டுக்காரர் பேப்பரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “இந்தப் பேப்பர்க்காரனும் அவுக ஆளுதான் போல” என்றார்.

இப்படியே மகளுக்கு ஆறு முடிந்து ஏழு பிறந்தது. நெல், காற்று, மழை, மரம் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. பிள்ளையை அனுப்புவதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதற்கு யாரும் குறிப்பு கொடுக்கவில்லை.

புரட்டாசி மாசம். எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கவிச்சி கிடையாது. திருப்புல்லாணிக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பச்சைத் தண்ணீரே. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. அன்றைய குறிப்பு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: ‘தண்ணீர் இல்லாவிட்டால் இது வாழாது’. இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘வா’ என்று ஏற்கெனவே விழுந்துவிட்டது.

“வாளைதான மதினி?”

“ஆமா, வாளைதான்.”

எந்த ள என்று கேட்டிருக்க வேண்டும். தினமும் கேட்பேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. தண்ணீர் பாயாவிட்டால் வாழை நிற்குமா? நான் கிழவி ழ போட்டேன். பாலத்துக்கு அங்கிட்டு அவர் பள்ளி ள போட்டார். தண்ணீரில் இருந்து எடுத்துவிட்டால் வாளை மீன் நிற்குமா?

“நல்ல நேரத்துல கேட்டிருக்கான் பாருங்க. எங்க வீட்லயும் இன்னைக்கு வாளைதான். இந்த வருசம் இப்படி வாளை பாத்ததில்ல. ஒவ்வொண்ணும் ஆளு ஒசரம். அங்கன அனுப்பலாமான்னு இவுக கேக்குறாக.”

நான் கூடத்தைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அவர் அடுப்படி நிலையிலேயே நின்றிருந்தார், கண் அகன்று.

“வாழ மரமா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். “வாசல்ல கட்டவா? ஏழாம் மாச விசேசத்துக்கு அவுகளே குலைவாழ அனுப்புறாகளா?”

அந்த மணலில் ஏது வாழை என்று எனக்கும் ஒரு நிமிசம் தோன்றியது. உச்சிப்புளிப் பக்கம் தோப்பு தோட்டம் இருக்கிறது, வாங்கியிருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற காரியத்துக்கு மனசு நல்ல வக்கீல்.

“எத்தன அனுப்ப, மதினி?”

இவர் இரண்டு விரலைக் காட்டினார். “ரெண்டு போதும்” என்றேன்.

“ரெண்டா? ரெண்ட வச்சு யாருக்குன்னு குடுப்பீக? பத்து அனுப்புறேன்.”

“பத்தா!” என்றார் இவர். “தெரு பூராம் கட்டச் சொல்றாகளா? பெரிய மனசுதான்யா.”

“வெட்டி அனுப்பவா, முழுசாவா?”

“முழுசாத்தான். வெட்டினா எப்படி நிக்கும்?”

“நிக்கவா? எங்க வைக்கப் போறீக?”

“வாசல்லதான்.”

“வாசல்லயா? பூன வராது?”

“பூன என்ன பண்ணப்போகுது? இங்கன ஆடுதான் தொல்ல.”

“ஆடு இதத் திங்குமா மதினி?”

“ஆடு எதத்தான் திங்காது?”

சம்பந்தியம்மா எங்கள் ஊர் ஆடுகளை நினைத்து வாயடைத்துப் போயிருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, அவர் தாழ்த்தினால் நம் குரல் அளவுக்கு வரும், “நாளைக்குப் பொரட்டாசிச் சனி. ஒங்க வீட்ல ஒண்ணுஞ் சொல்ல மாட்டாகளா?” என்று கேட்டார்.

இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தோணியாரைக் கும்பிடுகிற வேதக்காரவுக நம்ம நாள் கிழமையையெல்லாம் பார்த்துச் செய்கிறார்கள் என்று. “சனிக்கெழமைதான் விசேசம். அன்னைக்கே கொண்டாரச் சொல்லு. பெருமாளுக்கு உகந்த நாளு.”

அதையும் அப்படியே சொன்னேன். போனில் ஏதோ தொப்பென்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இவுகளே கொண்டு வருவாக. நாங்க எல்லாருமே வாரோம்” என்றார் சம்பந்தியம்மா.

மகள் பின்னால் சொன்னாள்: அன்று அவளுடைய மாமனார் வலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். “பொரட்டாசிச் சனிக்கெழமையில, பெருமாளுக்கு உகந்தது, வாளைய முழுசாக் கொண்டு வாங்கறாரு. நமக்காக மனுசன் வெரதத்தையே விடுறாரு. நான் ஒரு எட்டுப் போகலன்னா நான் மனுசனா?” என்றாராம். இங்கே இவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். “நம்ம முறை தெரிஞ்சு குலைவாழ கொண்டு வாராக. இனியும் வீம்பு பண்ணுனா நான் மனுசனா?” எதிராளி இறங்கி வந்துவிட்டார் என்று தெரிந்தபின் இரண்டு பேருக்கும் பெருந்தன்மை பொங்கியது.

சனிக்கிழமை விடியற்காலையில் திருப்புல்லாணி போய் வந்து, நெற்றியில் நாமத்தோடு இவர் கடப்பாரையை எடுத்தார். வாசலுக்கு இரண்டு பக்கமும் குழி. பத்து மரம் அல்லவா, தெருவில் இன்னும் எட்டுக் குழி. அவருடைய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, கட்டுவதற்குக் கயிறும் வந்தது. அண்ணன் உள்ளூர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகியவர், எதையும் லேசில் நம்ப மாட்டார். “ஏலே, அவுக வாழ கொண்டு வாராகளா? நம்புறியா?” என்றார். “நீயே பாப்ப” என்றார் இவர். எதிர்வீட்டுச் சனமும் பார்க்க வந்து நின்றது. நான் வழக்கம்போல நிலைக்கு உள்ளே.

லோடு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஒரு கறுத்த நெடிய மனிதர் இறங்கினார். பின்னாலேயே சம்பந்தியம்மா. குரலை வைத்து நான் நினைத்திருந்த உருவத்தில் பாதிதான் இருந்தார். அப்புறம் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு மகள், வயிறும் தானுமாக. எங்க வீட்டுக்காரர் மகளைப் பார்க்காதவர் மாதிரி ஆட்டோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே மரம் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. இறக்கி, இரண்டு குழிகளுக்கும் நடுவில் வைத்து, சம்பந்தி மூடியைத் திறந்தார்.

ஐஸுக்குள் வெள்ளித் தகடு தகடாக, நீள நீளமாக மின்னியது. எங்கள் தெரு பூராவும் ராமேஸ்வரம் கடற்கரை வாசம்.

இவருடைய அண்ணன் பெட்டியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். “ஏலே, நட்டு வைக்கவா, புதைக்கவா?”

“என்ன இது?” என்றார் இவர்.

“வாளை” என்றார் சம்பந்தி.

“வாளையா?”

“ஆமா, வாளை. நீங்கதான வாளை கொண்டாங்கன்னீக.”

“நான் வாளைன்னா சொன்னேன்? வாளைன்னுல்ல சொன்னேன்!”

“அதத்தானய்யா நானும் கொண்டாந்திருக்கேன். வாளை!”

“அய்யா, நான் சொன்னது வாளை. நீங்க கொண்டாந்தது வாளை!”

“ரெண்டும் ஒண்ணுதான? பெறகு என்ன வேணும் ஒங்களுக்கு?”

இரண்டு வருசமாகப் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். ஒரே சொல்லை இவர் வீசுவார், அவர் திருப்பி வீசுவார். குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவில் நின்றவர்களுக்கு என்ன சண்டை என்றே பிடிபடவில்லை, இரண்டு பேரும் ஒத்துப்போகிற மாதிரித்தான் கேட்டது.

முதலில் பிடிபட்டது மகளுக்குத்தான். குழியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். ஓரத்தில் குழி வேறு. எங்க வீட்டுக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார், கூடத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் வைத்தார்.

“மெதுவாச் சிரி ஆத்தா” என்றார். அவளிடம் இரண்டு வருசத்துக்குப் பிறகு அவர் பேசியது அது.

விசயம் விளங்கியதும் சம்பந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு சனத்துக்கு நடுவில், விரத நாளில், கும்பிட்டுவிட்டு நாமத்தோடு நிற்கிறவர் வாசலில் மீனைத் திறந்து காட்டிவிட்டோமே என்று. மூடியை மூடினார். “தப்பாப் போச்சு. மனசுல வச்சுக்காதீக. எடுத்துட்டுப் போயிர்றோம்” என்று பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மருமகன் மறுபக்கத்தைத் தூக்கினான். சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்து நாற்காலியில் இருந்து எழுப்பினார். இவர் வாயைத் திறந்தார், ஆனால் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், தெருவும் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். பெட்டி ஆட்டோவில் ஏறினால் என் பிள்ளையும் ஏறுவாள். ஏறினால் அப்புறம் எந்தக் குறிப்பாலும் இறக்க முடியாது.

நான் நிலையைத் தாண்டி வெளியே வந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். “பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள்” என்பதுதான் நெஞ்சில் இருந்தது, அது நாக்கில் வரவில்லை.

“மதினி!” என்றேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் சொல்வேன் என்று நினைத்தேன், தெருமுனை வரைக்கும் கேட்டது. “ஐசு எம்புட்டு நேரம் தாங்கும்?”

சம்பந்தியம்மா திரும்பினார். “ராத்திரி வரைக்கும் தாங்கும். ஏன் மதினி?”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான?”

அவ்வளவுதான் நான் பேசியது. உள்ளே போய்விட்டேன்.

வாசலில் இவர் குரல் கேட்டது. கணக்குக் கேட்கிறவர் மாதிரி, மிடுக்காக. “ராத்திரி வரைக்கும்னா பத்தாதுல்ல? இன்னுங் கொஞ்சம் ஐசு வேணும்ல?”

“கட்டி ஐசு போட்டுச் சாக்கச் சுத்துனா நாளை மத்தியானம் வரைக்கும் நிக்கும்” என்றார் சம்பந்தி.

“எனக்கு அதெல்லாம் வாங்கத் தெரியாது. நீங்களும் வாங்க.”

எந்த வீட்டுக் குரல் காதில் விழக் கூடாதோ அந்தக் குரலைத் தன் பைக்கின் பின்சீட்டில், காதுக்கு நேர் பின்னால் ஏற்றிக்கொண்டு, நாமம் போட்ட மனிதர் புரட்டாசிச் சனிக்கிழமை மீனுக்கு ஐஸ் வாங்க டவுனுக்குப் போனார். அண்ணன், “இந்தக் குழியெல்லாம் யாரு மூடுறது?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லாததால் அவரே மூடினார்.

அன்று மத்தியானம் எல்லாருக்கும் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும். பெட்டியைப் பின்கட்டில் வைத்தார்கள். ஒழுகும் என்று இவர் அன்றைய பேப்பரை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கான விடை அதில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நகர்த்திப் பார்த்தபோது அந்தப் பக்கம் கூழாகிவிட்டது. வாழையா வாளையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன் தின்றோம். பத்து வாளை, ஆடுகளுக்குப் பயப்படாமல் தெரு முழுக்கக் கொடுத்தோம். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் கிளம்பினார்கள். மகள் கிளம்பவில்லை. முறைப்படி நாங்கள் போய் அழைக்கவும் இல்லை, முறைப்படி அவர்கள் அனுப்பவும் இல்லை. பெட்டியை ஏற்றினார்கள், அவளை ஏற்ற மறந்துவிட்ட மாதிரிப் போய்விட்டார்கள். முறையில்லாமல் நடந்ததால் யாருக்கும் யார் இறங்கி வந்தது என்று சொல்ல வழியில்லாமல் போனது. பேத்தி என் வீட்டில்தான் பிறந்தாள்.

இவ்வளவு நல்லது நடந்ததில் எனக்கு ஒரு நட்டம். பேப்பர் இப்போது என் கைக்கு வருவதில்லை. காலையில் காபியோடு இவர் நேராகக் கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திருப்புகிறார். நாடு எப்படிக் கெட்டாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் போனையே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, “என்ன சம்பந்தி, நாலு எடமிருந்து வலம் ஆச்சா?” என்று ஆரம்பித்தால், இட்லி ஆறிப்போகும் வரைக்கும் நடக்கிறது. பேனாவால் போடுகிறார். பென்சிலும் ரப்பரும் தைரியமில்லாதவர்களுக்காம். அவர் முடித்துத் தள்ளும்போது ஒரு கட்டமும் மிச்சமிருக்காது. பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். பேனா என்பதால் ஒன்றும் செய்ய முடியாது.

போன் எனக்குக் கிடைக்கும்போது சம்பந்தியம்மாவைக் கூப்பிடுவேன்.

“மதினி, பேப்பர் வந்துச்சா?”

“வந்துச்சு. அவுக கையில.”

“இங்கனயும் அப்படித்தான்.”

அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. பேத்திக்குப் பல் முளைத்ததைச் சொல்வேன். அவர் காற்றைப் பற்றிச் சொல்வார்.

நேற்று காலையில் ஏதோ ஒரு சொல்லில் இரண்டு பேருக்கும் தகராறு. “எந்த ள சம்பந்தி? பல்லியா, பள்ளியா, கெழவியா?” என்று இவர் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் மேசையைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ‘தாமதமில்லாமல் செல்லும் நீர்ப்பெருக்கு’, மூன்று எழுத்து, ‘வெ’ என்று ஆரம்பம், ‘ம்’ என்று முடிவு என்பது அவர் கணக்கு. அது ‘வெள்ளம்’. நாலு கட்டம் வேண்டும். இருந்ததும் நாலுதான், ஒன்றை எண்ணாமல் விட்டிருக்கிறார். பள்ளி ள, இரண்டு தடவை.

“கெழவி” என்று முடிவு பண்ணி, ஏன் என்று தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கெழவிதான் சம்பந்தி. கெழவி ழ.”

எழுதட்டும் என்று துணியைப் பிழியப் போய்விட்டேன்.